கிணற்றில் கிடக்கும் மணி

காகெகாவாவுக்குக் குடிவந்த முதல் வாரத்தில் நான் வாசிக்கக் கற்றுக்கொண்ட எழுத்து ஒரு மலைச்சரிவில் இருந்தது. மலையின் பெயர் அவாகதாகே. ஜப்பானின் ஷிசுவோகா மாநிலத்தில், எங்கள் ஊருக்கு வடகிழக்கே நிற்கிறது. உயரம் 532 மீட்டர். குற்றாலத்து மலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது குன்றுதான். ஆனால் அதன் நெஞ்சில் தேயிலையைக் குறிக்கும் 'ச்சா' என்ற எழுத்தை மரங்களாலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கமே நூறு மீட்டருக்கு மேல் இருக்கும். 1932-ல் பைன் கன்றுகளை அந்த வடிவத்தில் நட்டார்கள். பின்னாளில் பைன் மரங்களை நோய் அரித்துவிட, அதே கோட்டில் ஹினோகி மரங்களை நட்டு எழுத்தை மீட்டார்கள். காய்கறிக் கடைக்குப் போகும் வழியெல்லாம் அந்த எழுத்து என்னைப் பார்த்துக்கொண்டே வரும்.

அதைப் பிரித்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். மேலே புல், நடுவில் மனிதன், கீழே மரம். இன்னொரு விதமாகக் கோடுகளைப் பிரித்தால் பத்து, பத்து, எண்பத்தெட்டு, கூட்டினால் நூற்றெட்டு. அதனால்தான் 108 வயது நிறைந்தவரைக் கொண்டாடும் விழாவுக்கு இங்கே 'தேநீர் வயது' என்று பெயர். நூற்றெட்டு என்றதும் எனக்கு அம்மாவின் ஜபமாலை ஞாபகம் வந்தது. அவருக்கோ மணி ஞாபகம் வந்தது. டிசம்பர் 31 நள்ளிரவில் ஜப்பானியப் புத்தக் கோயில்களில் மணியை 108 முறை அடிப்பார்கள். மனிதனைப் பிடித்து ஆட்டும் ஆசைகளும் மயக்கங்களும் நூற்றெட்டு. அடிக்கு ஒன்றாக அவை கழிய வேண்டும்.

"அந்த மலையிலும் ஒரு மணி இருந்தது" என்று அவர் கையை நீட்டிக் காட்டினார். "அது வேறு மாதிரி மணி."

அந்த மணியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பத்து வருடமாக எனக்குள் கிடக்கும் ஒரு கேள்வியை அதைத் தவிர வேறு எதோடும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

மணியின் பெயர் 'முகென் மணி'. இந்த வட்டாரத்தின் பழைய பெயர் எனஷூ. 'எனஷூவின் ஏழு அதிசயங்கள்' என்று சொல்லும் கதைகளில் இதுவும் ஒன்று. மலை உச்சியில் தொங்கிய அந்த மணியை அடித்தால் இந்தப் பிறவியில் பெரும் செல்வம் வரும். செத்தபின் முகென் நரகத்தில் விழ வேண்டும். இது தெரிந்தும் ஜனங்கள் ஏறினார்கள். செங்குத்தான பாதையில் முந்தியடித்து ஏறி, உருண்டு விழுந்து செத்தவர்களும் உண்டாம். பார்க்கப் பொறுக்காத துறவி ஒருவர் மணியைக் கழற்றி உச்சியில் இருந்த கிணற்றில் போட்டுவிட்டார். கதையின் இன்னொரு வடிவத்தில் நரகமே கிடையாது. ஒரு தடவை அடித்தால் விபத்து அண்டாது, இரண்டு தடவை அடித்தால் நோய் வராது, மூன்றுக்குக் குடும்பம் நலமாக இருக்கும், இப்படியே போய் ஏழாவது அடிக்குப் பெரும் பணக்காரர் ஆகலாம். அதிலும் கூட்டம் நெரிகிறது, ஆட்கள் விழுகிறார்கள், மணி கிணற்றுக்குள் போகிறது.

மூன்றாவதாக ஒரு வடிவம் உண்டு. அதை லஃப்காடியோ ஹெர்ன் 1904-ல் வெளிவந்த 'க்வைதான்' என்ற நூலில் எழுதி வைத்தார். கிரீஸ் நாட்டில் பிறந்து, ஜப்பானியப் பெண்ணை மணந்து, கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டு இங்கேயே இறந்தவர் அவர். அவர் சொல்லும் கதையில் முகென் மலைக் கோயிலுக்கு மணி வார்க்க வெண்கலம் தேவைப்படுகிறது. வீட்டிலிருக்கும் பழைய வெண்கலக் கண்ணாடிகளைக் கொடுங்கள் என்று பெண்களிடம் கேட்கிறார்கள். ஓர் இளம்பெண் தன் அம்மாவிடமிருந்தும் அம்மாவின் அம்மாவிடமிருந்தும் வந்த கண்ணாடியைக் கொடுக்கிறாள். கொடுத்த பிறகு மனம் அடித்துக்கொள்கிறது. உலையில் எல்லாக் கண்ணாடியும் உருகுகிறது, அவளுடையது மட்டும் உருகவில்லை. அவள் நெஞ்சு அதை விடவில்லை. கண்ணாடியும் இறுகிக் கிடக்கிறது. ஊருக்கு அது யார் கண்ணாடி என்று தெரிந்துவிட, அவமானம் தாளாமல் தண்ணீரில் விழுந்து உயிரை விடுகிறாள். நான் இறந்த பின் அந்தக் கண்ணாடி உருகும், அந்த மணியை அடித்து உடைப்பவருக்கு என் ஆவி பெரும் செல்வம் தரும் என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறாள். பிறகு இரவும் பகலும் மணியோசைதான். சகிக்க முடியாமல் கோயில்காரர்கள் மணியை மலையிலிருந்து உருட்டிச் சதுப்பில் தள்ளிவிடுகிறார்கள்.

இனி என் கதை.

2014 பிப்ரவரியில் என் மகன் பிறந்தான். இருபத்தொன்பதாவது வாரம். எடை 1,140 கிராம். இரண்டு கை நிறைய அரிசி அள்ளினால் எவ்வளவோ அவ்வளவு. அறுபத்தொரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். நான் வீட்டில் மூன்று மணிக்கொருமுறை பாலை எடுத்து, சின்னப் பைகளில் தேதியும் நேரமும் எழுதி, உறைய வைத்து, மறுநாள் ஐஸ் பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். அவன் குடித்தது ஒரு வேளைக்கு மூன்று மில்லி, ஐந்து மில்லி. பையில் இருந்ததோ அறுபது மில்லி. மீதிப் பாலைப் பார்க்கும்போதெல்லாம் அழுகை வரும்.

பதினோராவது நாள் அவன் மூச்சை அடிக்கடி மறந்தான். குறைமாதக் குழந்தைகள் அப்படி மறப்பது உண்டு. நர்ஸ் பாதத்தை நிமிண்டி ஞாபகப்படுத்துவார். அன்று ஞாபகப்படுத்தியும் தாமதமாகத்தான் மூச்சு வந்தது. இரவு கோவில்பட்டிக்குப் போன் செய்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "ஏட்டி, அழாத. செந்தூரான்ட்ட சொல்லிட்டேன். என் ஆயுச எடுத்து அந்தப் புள்ளைக்குக் குடு, எனக்கு நரகம்னாலும் சரின்னு. அவன் குடுத்துருவான். நீ தூங்கு, பால் வத்திப்போவும்."

அவன் பிழைத்தான். ஏப்ரல் நடுவில் வீட்டுக்கு வந்தான். அக்டோபரில் அம்மா போய்விட்டாள். காலையில் வாசல் தெளித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அம்மாவுக்கு அறுபத்தோரு வயது. கண்ணாடிப் பெட்டியில் அவன் இருந்த நாட்களின் எண்ணிக்கையும் அதுதான் என்பதை நான் இறுதிச் சடங்குக்குப் போகும் விமானத்தில் உணர்ந்தேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அறிவுக்குத் தெரியும். அறிவு சொல்வதைக் கேட்கிற இடத்தில் நான் இருக்கவில்லை. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்த ஏப்ரலில் மகனை முதுகில் கட்டிக்கொண்டு கணவரோடு அவாகதாகே ஏறினேன். அடிவாரம் ஹிகாஷியாமா. அங்கிருந்து ஏறினால் கடைசி வரை தேயிலைதான் கூட வரும். பாத்திகள் வட்டமாகச் சீவப்பட்டு மலையை வரிவரியாகச் சுற்றியிருக்கும். நடுநடுவே கம்பங்களில் பெரிய மின்விசிறிகள். இளந்துளிர் விடும் நாட்களில் இரவுப் பனி விழுந்து இலை கருகிப் போகாமல், மேலே மிதக்கும் சற்றே சூடான காற்றை அவை கீழே தள்ளுகின்றன. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். உச்சியில் தொன்மையான காடு, அதற்குள் அவாவா கோயில். 736-ல் தோன்றியது என்பது கோயில் மரபு. பின்னால் வீடளவு பாறைகள் ஒன்றோடொன்று சாய்ந்து கிடக்கின்றன. தெய்வம் இறங்கும் பாறைகள் என்று அவற்றுக்கு மதிப்பு. அவற்றுக்கிடையே ஓர் இடுக்குக்கு 'நரகக் குழி' என்று பெயர். பக்கத்திலேயே அந்தக் கிணறு. கணவர் அறிவிப்புப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்து எனக்குச் சொன்னார். முகென் நரகத்துக்கு வடமொழியில் 'அவீசி' என்று பெயர். எட்டு வெந்நரகங்களில் கடைசி, எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது. 'முகென்' என்றால் இடைவெளி இல்லாதது. வேதனைக்கும் வேதனைக்கும் நடுவே ஒரு மூச்சு விடவும் இடைவெளி இராது.

மூச்சு என்ற சொல்லைக் கேட்டதும் நான் கிணற்றுப் பக்கம் போகாமல் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன். கென்ஷின் என்ற துறவி 985-ல் எழுதி முடித்த 'ஓஜோயோஷூ' என்ற நூல்தான் ஜப்பானியர் மனத்தில் நரகத்துக்கு உருவம் கொடுத்தது. அவீசியின் அடிக்குப் போய்ச் சேரவே தலைகீழாக இரண்டாயிரம் வருடம் விழ வேண்டும் என்கிறது அது. அங்கே அனுப்பும் பாவங்கள் ஐந்து என்பது பௌத்த மரபு: தாயைக் கொல்லுதல், தந்தையைக் கொல்லுதல், அருகதரைக் கொல்லுதல், புத்தர் உடலில் குருதி வரச் செய்தல், சங்கத்தைப் பிளத்தல். பட்டியலின் முதல் வரியிலேயே நான் நின்றுவிட்டேன். நான் அந்த இரவு போன் செய்யாமல் இருந்திருந்தால் அம்மா அப்படிக் கேட்டிருக்க மாட்டாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

என் கேள்வி இதுதான். ஓர் உயிருக்கு ஓர் உயிர் என்று கேட்டால் வாங்கிக்கொண்டு கொடுக்கிற தெய்வம் உண்டா? உண்டென்றால் அதைக் கும்பிடலாமா? இல்லையென்றால் அம்மா கேட்டது வீண்தானா?

ஐந்து பாவங்களையும் திரும்பத் திரும்பப் படித்தபோது ஒன்று புலப்பட்டது. அந்தப் பட்டியலில் பணத்துக்கு ஆசைப்படுதல் இல்லை. மணி அடித்துச் செல்வம் கேட்டவனுக்கு அவீசி எப்படி வந்தது? பௌத்தத்தின் கணக்கில் வினைக்கேற்ற விளைவுதான் உண்டு. ஒரு மணியடிக்கு அடிநரகம் என்பது அந்தக் கணக்கிலேயே வராது. அது தண்டனை இல்லை என்று எனக்குப் பட்டது. அது விலை. இங்கே இவ்வளவு, அங்கே இவ்வளவு என்று பேசி முடித்த விலை. சந்தையில் இருக்கிற நியாயம் மட்டும்தான் அதில் இருக்கிறது. வினைப்பயன் வேறு. அதை யாரும் பேசி முடிப்பதில்லை. விதை முளைப்பது போல அது தானாக வருகிறது. முகென் மணிக் கதையைச் சொன்னவர்கள் நரகத்தைச் சொல்லி ஆசைக்காரர்களைப் பயமுறுத்தத்தான் நினைத்திருப்பார்கள். எனக்கோ அந்தக் கதையில் நெருடியது பேரம்தான்.

நரகத்துக்குப் பயந்த ஒருவர் இதே மாநிலத்தில் பிறந்தார். ஹகுயின், 1686-ல், கிழக்கே ஹாரா என்ற சத்திர ஊரில். ஜப்பானிய ஜென் மரபைப் புதுப்பித்த ஆசான். சிறு பிள்ளையாக இருந்தபோது அம்மா கூட்டிப்போன பிரசங்கத்தில் வெந்நரகங்களைப் பற்றிக் கேட்டுவிட்டு நடுங்கிப்போனார். பிறகொரு நாள் அம்மாவோடு குளிக்கையில் தொட்டிக்கு அடியில் விறகு சடசடத்து எரிந்து நீர் கொதிப்பதைக் கேட்டு வீறிட்டு அழுதார். அந்தப் பயம்தான் அவரைத் துறவுக்குத் தள்ளியது. அதே மனிதர் வயதான காலத்தில் தூரிகையைப் பிடித்துப் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்த வாசகம் 'நரகம் என்னும் மகா போதிசத்துவருக்கு வணக்கம்'. நரகத்தையே கும்பிட்டு எழுதியிருக்கிறார். முதலில் படித்தபோது எனக்குப் புரியவில்லை. இப்போதும் முழுக்கப் புரிந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எழுத்தின் அச்சுப் பிரதி ஒன்றை வாங்கி அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பயந்து ஓடி வந்த இடத்துக்கே ஒரு மனிதர் திரும்பிப் போய்த் தலை வணங்கியிருக்கிறார் என்பது மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது.

மணி கிணற்றுக்குள் போன பிறகும் ஜனங்கள் அதை விடவில்லை. 1739-ல் ஒசாகாவில் அரங்கேறிய பொம்மலாட்ட நாடகம் 'ஹிரகானா செய்சுய்கி'. பிற்பாடு கபுகியிலும் அது ஆடப்பட்டது. அதில் உமேகாயே என்று ஒருத்தி. கணவன் கென்தா ஒரு போர்வீரன். அவனுக்காக அவள் தாசியாக இருக்கிறாள். அடகில் இருக்கும் அவனுடைய கவசத்தை மீட்க முந்நூறு பொற்காசு வேண்டும், அதுவும் உடனே. வேறு வழி எதுவும் இல்லை. முற்றத்தில் கை கழுவும் கல்தொட்டி இருக்கிறது. இதுவே முகென் மணி என்று மனத்தில் நிறுத்தி, நரகத்துக்குப் போனாலும் போகிறேன் என்று அகப்பைக் கைப்பிடியால் அதை அடிக்கத் தயாராகிறாள். அப்போது மாடியிலிருந்து முந்நூறு பொற்காசும் அவள் முன்னால் வந்து விழுகிறது.

ஒன்றை இன்னொன்றாக மனத்தில் பாவித்து அந்த இன்னொன்றின் பலனைப் பெறுவதற்கு ஜப்பானியில் 'நசோராயேரு' என்று ஒரு சொல் உண்டு. ஹெர்ன் தன் கதையில் இதைத்தான் விளக்கப் பார்க்கிறார். கோயில் கட்ட வசதியில்லாதவர் அதே பக்தியோடு புத்தர் முன் ஒரு கூழாங்கல்லை வைத்தால் கோயில் கட்டிய புண்ணியம் கிடைக்கும் என்பது அவர் தரும் உதாரணம். தமிழர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மஞ்சளைப் பிடித்து வைத்துப் பிள்ளையார் என்று கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் உமேகாயேயின் கதையில் என்னை உலுக்கியது வேறு. காசை வீசியது யார்? நரகமும் இல்லை, ஆவியும் இல்லை. மாடியில் ஒரு விருந்தாளி போல் மறைந்திருந்தவள் கென்தாவின் தாய் என்ஜு. மகனுக்காக மருமகள் எதற்கும் துணிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருந்ததை அள்ளிப் போடுகிறாள்.

இந்த இடத்தைப் படித்த அன்று இரவு வெகுநேரம் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். கீழே ஒருத்தி நரகத்துக்குத் தயாராக நிற்கிறாள். மேலே ஒரு தாய், யாரும் கேட்காமலே, மடியை அவிழ்க்கிறாள். அடிக்கத் துணிந்தவளுக்குத் தெரிந்தது பேரம். ஆனால் பேரம் நடக்கவில்லை. கொடை மட்டும்தான் நடந்தது.

திருக்கோட்டியூர் கோபுரத்தில் ஏறி நின்று, குரு ரகசியமாகச் சொன்ன மந்திரத்தை ஊருக்கே உரக்கச் சொன்ன ராமானுசரை நமக்குத் தெரியும். சொன்னால் நரகம் என்று தெரிந்துதான் சொன்னார். அவர் நரகத்துக்குப் போனார் என்று எந்த வைணவரும் நம்புவதில்லை. நரகத்துக்குத் தயார் என்று இன்னொருவருக்காகச் சொன்ன கணத்தில் விலைச்சீட்டு கிழிந்துவிடுகிறது போலும்.

பௌத்தத்தில் இதற்கு முறையான ஒரு சொல் இருக்கிறது. எகோ. தான் செய்த நல்வினையின் பயனை இன்னொருவர் பக்கம் திருப்பிவிடுதல். இறந்தவர்களுக்காகச் சூத்திரம் ஓதும்போது ஜப்பானியக் கோயில்களில் செய்வது இதைத்தான். என் மகனின் வகுப்புத் தோழன் ஒருவனின் பாட்டி இறந்தபோது கூடப் போயிருந்தேன். ஓதி முடித்த குருவிடம், புண்ணியத்தைத் திருப்பிவிட்டால் திருப்பியவருக்குக் குறைந்துபோகாதா என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் பௌத்த நாடுகளில் பல காலமாகச் சொல்லப்படுவதுதான்: ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் வெளிச்சம் குறைவதில்லை. அழகான உவமைதான். ஆனால் என் அம்மா அணைந்துபோனாள். அதனால் உவமையை வாங்கிக்கொண்டு வந்தேனே தவிர அது என்னிடம் ஒட்டவில்லை.

ஒட்டியது புல்தான்.

ஹிகாஷியாமாவில் தேயிலை வைத்திருக்கும் ஒரு பாட்டியம்மா எனக்குப் பழக்கம். வயது எழுபத்தெட்டு. நவம்பர் தொடங்கி இரண்டு மூன்று மாதம் தேயிலைக்காரர்கள் தேயிலையை விட்டுவிட்டுப் புல்லுக்குப் போவார்கள். தோட்டங்களை ஒட்டி, புல்லுக்கென்றே விட்டுவைத்த சரிவுகள் இருக்கின்றன. 'சாகுசாபா' என்று பெயர், தேயிலைப் புல்வெளி. அதில் ஆளுயரம் வளர்ந்து வெள்ளிப்பூ விட்ட சுசுகி என்ற நாணற்புல்லையும் குட்டை மூங்கிலையும் அறுத்து, கட்டுக் கட்டாகச் சாய்த்து நிறுத்திக் காயவைத்து, பிறகு நறுக்கித் தேயிலை வரிசைகளுக்கு நடுவே பரப்புவார்கள். மண் ஈரம் காக்கும், மழை சரிவை அரித்துக்கொண்டு போகாது, களை எழாது, மெல்ல மக்கி உரமாகும், தேநீருக்கு ருசி கூடும். 2013-ல் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் நிறுவனம் இந்த முறையை உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது. அதன் பிறகு வெளியூர்க்காரர்களும் மலையேறிகளும் இதைப் பார்க்கவே வருகிறார்கள்.

போன டிசம்பரில் பாட்டியம்மாவுக்குத் துணையாள் இல்லை. நானும் மகனும் இரண்டு நாள் போனோம். அரிவாளைப் பிடிக்கும் விதமே எனக்கு வேறாக இருந்தது. என் கைப்பிடியைப் பார்த்து அவர் என் மணிக்கட்டைத் திருப்பிவிட்டார். புல்லை இடது கையால் வளைத்துச் சேர்த்து, அடியில் வைத்துத் தன் பக்கமாக இழுக்க வேண்டும். காய்ந்த தாள் விளிம்பு கத்திபோல இருந்தது. கையுறைக்கு மேலே என் மணிக்கட்டில் மெல்லிய சிவப்புக் கோடுகள் விழுந்தன. ஒரு கட்டை அவிழாமல் முடிய, ஒரு பிடி புல்லையே முறுக்கிக் கயிறாக்கி, சுற்றி, நுனியை உள்ளே செருகுவார். என் மகன் அதை ஏழாவது தடவையில் கற்றுக்கொண்டான். அறுத்த இடத்தில் வெயில் தரையைத் தொட்டது. வாடிப்போன ஒரு செடியின் காய்களை விரலால் நசுக்கி அவர் என் உள்ளங்கையில் விதையைக் கொட்டினார். கிக்யோ, மணிவடிவில் நீலப்பூ பூக்கும் செடி. கோடையில் இந்தச் சரிவு முழுக்க இருக்கும் என்றார்.

இப்படி வருடா வருடம் மொட்டையடித்தால் இந்தச் செடியெல்லாம் செத்துப்போகாதா என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதிர்ச் சரிவைக் காட்டினார். மூங்கில் அடர்ந்து இருண்டு கிடந்தது. அதுவும் ஒரு காலத்தில் புல்வெளிதான். வெட்ட ஆள் இல்லாமல் விட்டுவிட்டார்கள். முதலில் புல் தன் உயரத்தாலேயே சின்னச் செடிகளை மூடியது. பிறகு புதர் வந்தது, பிறகு மூங்கில். "கிக்யோ அங்கே செத்துவிட்டது" என்றார். "இங்கே வெட்டுகிறோம், அதனால் இருக்கிறது."

ஆய்வாளர்கள் இந்தப் புல்வெளிகளில் 300-க்கும் மேற்பட்ட தாவர இனங்களைக் கணக்கிட்டிருக்கிறார்கள். பறக்க முடியாத ஒரு வெட்டுக்கிளி இங்கே வாழ்கிறது; அதன் பெயரிலேயே காகெகாவா இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் ஜப்பானில் எங்கும் இருந்த புல்வெளிகள் இன்று மிகச் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டன. இதெல்லாம் நான் பிறகு படித்தது. அன்று எனக்குத் தெரிந்தது பாட்டியம்மாவின் அந்த ஒற்றை வாக்கியம்தான். கையிலிருந்த கட்டைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சரிவைப் பார்த்தேன். போன வருடமும் இதை வெட்டியிருக்கிறார்கள், அதற்கு முந்தின வருடமும், அவருடைய மாமியார் காலத்திலும். புல் தன்னைத் தேயிலைக்குக் கொடுத்திருக்கிறது. சரிவு காலியாகவில்லை. கொடுத்ததால்தான் அங்கே கிக்யோ இன்னும் பூக்கிறது.

அம்மா வார்த்தையால் செய்தது பேரம். அவளுக்குத் தெரிந்த பாஷை அது. சந்தையிலும் சாமியிடத்திலும் ஒரே பாஷை பேசிய பெண். ஆனால் அவள் தன் வாழ்க்கை முழுக்கச் செய்துகொண்டிருந்தது வேறு. அவளுடைய ஆயுள் அந்த ஓர் இரவில் எடுத்துக் கொடுக்கப்பட்டதல்ல. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் வருடா வருடம் அவள் தன்னை அறுத்து எங்கள் வேரில் போட்டுக்கொண்டேதான் இருந்தாள். அக்டோபரில் அவள் இதயம் நின்றதற்கும் பிப்ரவரியில் அவள் கேட்டதற்கும் முடிச்சுப் போட்டவள் நான்தான். செந்தூரானை வட்டிக்கடைக்காரராக ஆக்கியதும் நான்தான். அந்த முடிச்சு அன்று முழுசாக அவிழ்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், தளர்ந்தது. மணியைக் கிணற்றில் போட்ட துறவியின் மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. கேட்க வந்தவர்களின் வாயை அடைக்க நீ யார் என்று தோன்றும். இப்போது அவர் செய்தது சரி என்றே படுகிறது. வேண்டிக்கொள்ள மணி எதற்கு? உமேகாயேக்குக் கல்தொட்டி போதுமாக இருந்தது, அம்மாவுக்கு ஒரு போன் போதுமாக இருந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் வேலை முடிந்ததும் மகன் உச்சிக்குப் போக வேண்டும் என்றான். ஏறினோம். வானம் துடைத்து விட்டது போல இருந்தது. கிழக்கே ஓயி ஆறு, அதற்கு இந்தப் பக்கம் மகினோஹரா மேட்டுநிலம் முழுக்கத் தேயிலை. தோகுகாவா ஆட்சி விழுந்த பின் வேலையிழந்த சாமுராய்கள் 1869-ல் வாளை வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்துத் திருத்திய நிலம் அது. அதற்கப்பால் சுருகா வளைகுடா, வடகிழக்கே வெண்பனி போர்த்திய ஃபுஜி. மகன் அதையெல்லாம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் பாறைகளுக்கு ஓடினான். நரகக் குழியில் தலையை விட்டு ஏதோ கூப்பிட்டான். பிறகு கிணற்றடிக்கு வந்தான். இந்த முறை நானும் வந்தேன்.

"மணி இன்னும் உள்ளயா இருக்கு?"

"இருக்குன்னு சொல்றாங்க."

"இருந்தா நீ என்ன கேப்பம்மா?"

அவன் ஜாக்கெட் முழுக்கப் புல் ஒட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே அவனிடம் முதல் தடவையாக அந்த இரவைப் பற்றிச் சொன்னேன். அவன் மூச்சை மறந்ததை, நான் போன் செய்ததை, ஆச்சி செந்தூரானிடம் கேட்டதை, கேட்டபடியே சொன்னேன். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சொல்லும்போது அந்த யோசனை வரவில்லை.

அவன் கிணற்றைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஆச்சி அதச் சொல்லும்போது பயந்தாங்களா?"

அந்தக் குரலை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். பத்து வருடமாக அந்த வார்த்தைகளை ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன், அவள் குரல் எப்படி இருந்தது என்று ஒரு தடவையும் நினைத்துப் பார்த்ததில்லை. பின்னணியில் மிக்ஸி ஓடியது. யாருக்கோ அவள் நடுவில் "வாரேன், இரு" என்று பதில் சொன்னாள். பால் வற்றிப்போகும் என்று என்னை அதட்டினாள்.

"இல்லடா" என்றேன். "பயமே இல்ல."

பிளாஸ்க்கில் பாட்டியம்மா ஊற்றிக் கொடுத்த தேநீர் இன்னும் சூடாக இருந்தது. அவன் முதல் மூடியை எனக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதைத் தான் குடித்தான்.